ஃபெர்க்கின் பொதுமக்கள் பங்கேற்பு வசதிகள்: எல்என்ஜி இறக்குமதி முனையம் பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

அமெரிக்கக் கரையில் ஓர் எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) இறக்குமதி முனையம் கட்ட வேண்டுமென்றால், இடத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் ஃபெடரல் எனர்ஜி ரெகுலேட்டரி கமிஷன் என்ற கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் இருக்கிறது. சுருக்கமாக ஃபெர்க். 1938-ஆம் ஆண்டு இயற்கை எரிவாயுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும், அதைத் திருத்திய 2005-ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டமும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தன. மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் கப்பலில் வரும் திரவத்தை இறக்கி, தொட்டியில் தேக்கி, சூடேற்றி வாயுவாக்கிக் குழாயில் விடும் ஓர் ஆலை பக்கத்தில் வருகிறது என்றால், அங்கே குடியிருப்பவர்கள் பேசுவதற்கு ஃபெர்க் சில வழிகளை வைத்திருக்கிறது. இ-லைப்ரரி, இ-சப்ஸ்கிரிப்ஷன், இ-கமென்ட், இ-ஃபைலிங், நேரடிக் கூட்டங்கள், 2021-இல் தொடங்கிய பொதுமக்கள் பங்கேற்பு அலுவலகம். ஒன்றுக்கும் கட்டணம் கிடையாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆவணங்களைத் திறந்து வைத்திருக்கும் விதத்துக்கு 5-க்கு 4. கருத்துப் பெட்டியான இ-கமென்ட்டுக்கு 3. கூட்டங்களுக்கு 2. வழக்கில் தரப்பாகச் சேரும் இன்டர்வென்ஷனுக்கு முழு 5. ஆனால் பெரும்பாலானவர்கள் கருத்துப் பெட்டியில் நாலு வரி எழுதிவிட்டு, அதோடு தங்கள் உரிமை பதிவாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அப்படி ஆவதில்லை. இந்த விமர்சனம் எழுதப்படுவதே முக்கியமாக அதைச் சொல்லத்தான்.

இறக்குமதி முனையம் என்பது பழைய கதை என்று நினைப்பவர்கள் உண்டு. மாசசூசெட்ஸின் எவரெட் 1971-இல் இயங்கத் தொடங்கியது, மேரிலாந்தின் கோவ் பாயின்ட் 1978-இல். பின்னால் உள்நாட்டில் பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் ஷேல் எரிவாயு பெருகியதும் பல முனையங்கள் ஏற்றுமதிக்குத் திரும்பிவிட்டன. ஆனாலும் பிரச்சினை முடிந்துவிடவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நியூ ஃபோர்ட்ரஸ் எனர்ஜி ஓர் எல்என்ஜி கையாளும் நிலையத்தை ஃபெர்க் அனுமதி வாங்காமலே கட்டி இயக்கியது. அது தன் அதிகாரத்துக்குள் வரும் என்று ஃபெர்க் 2021 மார்ச்சில் உத்தரவிட்டு, 180 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொன்னது. 2022 ஜூனில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுமதி விசாரணை நடக்கும் நிலைமை கூட வரும் என்பதற்கு இது உதாரணம்.

முதலில் டாக்கெட் எண், அதாவது ஒரு திட்டத்தின் வழக்குக் கோப்புக்கு ஃபெர்க் தரும் எண். இது பிடிபடாவிட்டால் எதுவும் பிடிபடாது. எல்என்ஜி முனையத்துக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் குறைந்தது 180 நாள் முன்னதாகவே ஃபெர்க்கிடம் போக வேண்டும். இதற்கு முன்-விண்ணப்பக் கட்டம் என்று பெயர். அப்போது கிடைக்கும் எண் பிஎஃப் என்ற எழுத்துகளில் தொடங்கும். முறையான விண்ணப்பம் வந்ததும் சிபி என்று தொடங்கும் புது எண் பிறக்கும். எழுத்தை அடுத்து நிதியாண்டு, பிறகு வரிசை எண், கடைசியில் துணை எண். உதாரணத்துக்கு, ஆரிகனின் ஜோர்டான் கோவ் ஏற்றுமதித் திட்டத்தின் எண் சிபி17-495-000.

இங்கேதான் முதல் சறுக்கல். பிஎஃப் எண்ணுக்கு இ-சப்ஸ்கிரிப்ஷன் போட்டவர், மின்னஞ்சல் வருவது நின்றதும் திட்டம் தூங்கிவிட்டது என்று நினைப்பார். உண்மையில் விண்ணப்பம் சிபி எண்ணில் வந்து, தரப்பாகச் சேரும் கெடு அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பிஎஃப் கட்டத்தில் கருத்துச் சொல்லலாம், தரப்பாகச் சேர முடியாது. ஆகவே சிபி எண் வெளியான அன்றே அதற்குத் தனியாக சப்ஸ்கிரிப்ஷன் போடுங்கள். தேடும்போது கடைசித் துணை எண்ணை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வந்த திருத்தங்கள் கண்ணில் படாமல் போகும்.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தது. ஃபெர்க்கில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு. இ-சப்ஸ்கிரிப்ஷனில் இருந்தால் அந்த டாக்கெட்டில் விழும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மின்னஞ்சல் வரும். சுற்றுச்சூழல் அஞ்சல் பட்டியலில் இருந்தால் முக்கிய அறிவிப்புகளும், திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பை ஃபெர்க் கணிக்கும் தாக்க அறிக்கையும் வரும். சர்வீஸ் லிஸ்ட் என்பது வழக்கின் தரப்பினர் பட்டியல். முதல் இரண்டில் பெயர் இருப்பது மூன்றாவதில் இருப்பதாக ஆகாது. சட்ட உரிமை மூன்றாவதுக்குத்தான்.

இ-லைப்ரரியை மனம் திறந்து பாராட்டலாம். விண்ணப்பம், நிறுவனத்துக்கு ஃபெர்க் ஊழியர்கள் அனுப்பும் கேள்விகள், அதற்கு வரும் பதில்கள், மீன்வளத் துறையின் கடிதம், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய ஒரு பக்கக் கருத்து எல்லாம் ஒரே இடத்தில், தேதி வரிசையில், யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. ஒவ்வோர் ஆவணத்துக்கும் தேதியோடு நான்கு இலக்கம் சேர்ந்த ஒரு பதிவெண் உண்டு. கருத்து எழுதும்போது அந்தப் பதிவெண்ணையும் பக்க எண்ணையும் சொன்னால், படிக்கும் ஊழியர் நேராக அங்கே போய்ப் பார்த்துவிடுவார். குறை என்னவென்றால், விண்ணப்பம் பல தொகுதிகளாக உடைந்து கிடக்கும். கோப்பின் பெயரை வைத்து உள்ளே என்ன என்று ஊகிக்க முடியாது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

அதற்கு வழிகாட்டி, வள அறிக்கைகள் எனப்படும் 13 பகுதிகள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. 1-ஆவது அறிக்கையில் திட்டத்தின் விவரமும், யார் யாரிடம் என்னென்ன அனுமதி வாங்க வேண்டும் என்ற அட்டவணையும் இருக்கும். அந்த அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். எங்கெல்லாம் பேச முடியும் என்பதற்கு அதுதான் வரைபடம். 2 தண்ணீர், 3 மீனும் காட்டுயிரும், 9 காற்றும் இரைச்சலும், 10 மாற்று இடங்கள், 11 பாதுகாப்பு. 13-ஆவதில் எல்என்ஜி ஆலையின் பொறியியல் வடிவமைப்பு இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி முக்கியக் கட்டமைப்புத் தகவல் என்று மூடப்பட்டிருக்கும். பார்க்க வேண்டுமானால் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கோரிக்கை வைக்க வேண்டும். அது உடனே நடக்கும் வேலை அன்று. கருத்துக் காலம் தொடங்கிய பிறகு கேட்டால் கைக்கு வருவதற்குள் காலம் முடிந்துவிடலாம். விண்ணப்பம் வந்த வாரமே கேளுங்கள்.

இ-கமென்ட் எளிமையானது. கணக்கு தொடங்க வேண்டாம். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் ஓர் இணைப்பு வரும். அதைத் திறந்து டாக்கெட் எண்ணைத் தேர்ந்து எழுத வேண்டியதுதான். 6,000 எழுத்துகள் வரை இடம் உண்டு. வெறும் எழுத்து மட்டும். படம், வரைபடம், அட்டவணை எதையும் இணைக்க முடியாது. இணைக்க வேண்டுமானால் பதிவு செய்துகொண்டு இ-ஃபைலிங் வழியாகப் போக வேண்டும். நீங்கள் எழுதியது அப்படியே பொதுவில் ஏறும் என்பதால் வீட்டு விலாசம், தொலைபேசி எண், குழந்தைகளின் பெயர் இவற்றை உள்ளே எழுதாதீர்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான உழைப்பு வீணாகிறது. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் வெட்டி ஒட்டி அனுப்பினால், ஊழியர்கள் அதை ஒரே விஷயமாகச் சேர்த்து ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். வாக்கு எண்ணும் இடம் அன்று அது. இறுதித் தாக்க அறிக்கையின் பின்னிணைப்பைத் திறந்து பார்த்தால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று விளங்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு குறியீடு, அதற்குள் ஒவ்வொரு வாதத்துக்கும் ஓரத்தில் ஓர் எண், எதிரே அதற்கான பதில். பொதுவான கோபத்துக்கு எதிரே "கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற மாதிரி ஒரு வரி நிற்கும். குறிப்பான பிழையைச் சுட்டியவருக்கு எதிரே அரைப் பக்கம் விளக்கமோ, "அறிக்கையின் இந்தப் பகுதி திருத்தப்பட்டது" என்ற வரியோ நிற்கும். அந்த இரண்டாவது வரியை வாங்குவதுதான் நம் வேலை.

இரைச்சலை எடுத்துக்கொள்வோம். "சத்தம் தாங்க முடியாது, தூக்கம் கெடும்" என்று எழுதுவது உண்மைதான், ஆனால் ஊழியர் கையில் அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. ஃபெர்க்கின் அளவுகோல், வீடு, பள்ளி, மருத்துவமனை போன்ற இரைச்சல் உணரும் இடங்களில் பகல்-இரவு சராசரி 55 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது. இந்தச் சராசரியில் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரையிலான சத்தத்துக்கு 10 டெசிபல் கூட்டிக் கணக்கிடுவார்கள். ஆகவே நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடும் பம்பும் கம்ப்ரசரும் 48.6 டெசிபலில் இருந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். விண்ணப்பத்தில் "50 டெசிபல்தான், 55-க்குக் கீழே" என்ற தொனியில் ஒரு வாக்கியம் இருந்தால், தொடர்ந்து ஓடும் இயந்திரத்துக்கு அது 56.4 ஆகிறது. வரம்பு மீறல்! இந்தக் கணக்கை நான்கு வரியில், பக்க எண்ணோடு எழுதினால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அதே 9-ஆவது அறிக்கையில் இரைச்சல் உணரும் இடங்களின் அட்டவணை இருக்கும், திசையும் தூரமும் போட்டு. உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரியும் விஷயம் இங்கே பயன்படும். விட்டுப்போன குழந்தைக் காப்பகம், அட்டவணையில் இல்லாத முதியோர் இல்லம், புதிதாக வந்த குடியிருப்பு இவற்றைத் தூரத்தோடு சொல்லுங்கள். ஆலோசனை நிறுவனம் பழைய வான்படத்தை வைத்து எண்ணியிருக்கும். நீங்கள் தெருவில் நடந்து எண்ணியிருப்பீர்கள்.

பாதுகாப்பிலும் இப்படித்தான். "வெடித்தால் ஊரே போய்விடும்" என்பதற்குப் பதில் எண்களைக் கேளுங்கள். எல்என்ஜி ஆலைகளுக்கான கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகள், சிந்திய திரவம் ஆவியாகிப் பரவும் மேகத்தை 2.5 சதவீத வாயு அடர்த்தி வரை கணக்கிடச் சொல்கின்றன. மீத்தேன் தீப்பிடிக்கும் கீழ் வரம்பான 5 சதவீதத்தில் பாதி அது. அந்த எல்லை நிறுவனத்தின் நிலத்துக்குள்ளேயே அடங்குகிறதா, எந்தக் காற்று வேகத்துக்கு, எவ்வளவு சிந்தலுக்குக் கணக்கிட்டார்கள், கணக்கில் எடுத்த குழாய்தான் உண்மையில் பெரிய குழாயா என்று கேட்பது சரியான கேள்வி.

கப்பல் வரும் பாதை வேறு கணக்கு. கடலோரக் காவல் படையின் வழிகாட்டுதலில் கப்பலைச் சுற்றி மூன்று வளையங்கள்: 500 மீட்டர், 1,600 மீட்டர், 3,500 மீட்டர். கடைசி வளையம், வேண்டுமென்றே துளைக்கப்பட்ட கப்பலிலிருந்து கசிந்த வாயு உடனே தீப்பற்றாவிட்டால் எரியக்கூடிய நிலையில் போய்ச் சேரும் தூரத்தைக் கருதி வைத்தது. இப்போது இதை அறிவிப்பு அனுப்பும் விதியோடு பொருத்திப் பாருங்கள். விண்ணப்பம் பற்றி நிறுவனம் நேரடியாகக் கடிதம் அனுப்ப வேண்டியவர்கள், நிலம் பாதிக்கப்படுபவர்கள், அதை ஒட்டி நிலம் உள்ளவர்கள், எல்என்ஜி வசதியிலிருந்து அரை மைலுக்குள் சொத்து உள்ளவர்கள். அரை மைல் என்றால் சுமார் 800 மீட்டர். கப்பல் பாதையோரம் 2 கிலோமீட்டரில் குடியிருப்பவர் மூன்றாவது வளையத்துக்குள் இருப்பார், ஆனால் அவர் வீட்டுக்குக் கடிதம் வராது. இந்தச் சேவையின் பெரிய ஓட்டை என்று நாங்கள் கருதுவது இதைத்தான். உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரத்தையும் அரசிதழ் அறிவிப்பையும் யாராவது பார்த்து அக்கம்பக்கத்தில் சொன்னால்தான் உண்டு.

இனி இன்டர்வென்ஷன். சிபி எண்ணில் விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் தரப்பாகச் சேர ஒரு கெடு தரப்படும், வழக்கமாக 21 நாள். மனு பெரியதாக இருக்கத் தேவையில்லை. இரண்டு பக்கம் போதும். டாக்கெட் எண், உங்கள் பெயரும் தொடர்பு விவரமும், இந்த வழக்கின் முடிவால் உங்களுக்கு நேரடியாக என்ன பாதிப்பு, உங்கள் நிலைப்பாடு என்ன என்பவை இருக்க வேண்டும். "முனையத்தின் வேலியிலிருந்து 600 மீட்டரில் வீடு, அந்த விரிகுடாவில் மீன்பிடிப்பது தொழில்" என்கிற அளவுக்குக் குறிப்பாக எழுதினால், உங்களுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு என்று காட்ட அதுவே போதும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இ-ஃபைலிங்கில் ஏற்றும்போது ஆவண வகையைத் தேர்வு செய்யும் இடத்தில் "இன்டர்வென்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "கமென்ட்" என்று தேர்ந்துவிட்டுக் கடிதத்துக்குள் "சேர விரும்புகிறேன்" என்று எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது. நகலை விண்ணப்பதாரருக்கும் அனுப்பி, அனுப்பியதாக ஒரு சான்று வரியைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

கெடுவுக்குள் போட்ட மனுவை 15 நாளுக்குள் யாரும் எதிர்க்காவிட்டால், அந்த 15-ஆம் நாள் முடிவில் நீங்கள் தரப்பினர். யாரும் கையெழுத்திட்டு அறிவிக்க மாட்டார்கள், தானாக நடக்கும். நேரத்தில் கவனம் வேண்டும்: வாஷிங்டன் நேரம் மாலை 5 மணிக்கு மேல் வருவது அடுத்த வேலை நாளில் வந்ததாகக் கணக்கு. கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது பகல் 2 மணி. கடைசி நாள் வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு நாள் தாமதம். தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது பொதுவாக எடுபடாது, உத்தரவு வந்த பிறகு கேட்பது இன்னும் கடினம். வரைவுத் தாக்க அறிக்கை வெளியிடப்பட்டால், அதன் கருத்துக் காலத்துக்குள் சுற்றுச்சூழல் விஷயத்துக்காகச் சேர்பவரை நேரத்தோடு வந்தவராக ஏற்கும் ஒரு விதி இருக்கிறது. அதை இரண்டாவது வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் திட்டமாக வேண்டாம். அந்தக் காலம் எவ்வளவு என்பதும் இப்போது பழைய மாதிரி இல்லை. குறைந்தது 45 நாள் என்று வைத்திருந்த வெள்ளை மாளிகைச் சுற்றுச்சூழல் மன்றத்தின் விதிகள் 2025-இல் திரும்பப் பெறப்பட்டன. அறிவிப்பில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? ஃபெர்க் அனுமதி கொடுத்துவிட்டால், மறுவிசாரணை கேட்கும் உரிமை தரப்பினருக்கு மட்டும்தான். மறுவிசாரணை கேட்டவர்தான் நீதிமன்றம் போக முடியும். கருத்துப் பெட்டியில் நூறு கடிதம் போட்டவருக்கும் அந்த வாசல் அடைத்தே இருக்கும். உத்தரவு வந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும். சட்டத்தில் எழுதிய நாள் என்பதால் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. மனுவில் பிரச்சினைகளின் பட்டியல் என்று தனித் தலைப்பில், உத்தரவின் எந்தெந்தத் தவறை எதிர்க்கிறீர்கள் என்று எழுத வேண்டும். அந்தத் தலைப்பில் வராத விஷயம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். மனுவில் எழுப்பாததை நீதிமன்றமும் கேட்காது. மூன்று பக்கம் அழகாக வாதாடிவிட்டுப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனதால் தோற்பது தேவையில்லாத தோல்வி.

முன்பெல்லாம் ஃபெர்க் மறுவிசாரணை மனுவைப் பரிசீலிக்கக் கூடுதல் காலம் எடுப்பதாக ஓர் உத்தரவு போட்டுவிட்டு, மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் இருக்கும். மக்களால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, மறுபக்கம் கட்டுமானம் நடக்கும். 2020 ஜூன் 30-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. இப்போது 30 நாளில் பதில் வராவிட்டால் மனு மறுக்கப்பட்டதாகவே பொருள். அன்றிலிருந்து நீதிமன்றம் போக 60 நாள் ஓடத் தொடங்கும். இது நல்ல மாற்றம், ஆனால் காத்திருந்து பழகியவருக்கு ஆபத்தும்கூட. ஃபெர்க் விரிவான பதிலைப் பின்னால் தரப்போவதாகச் சொன்னாலும் நாள்காட்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

கூட்டங்களுக்கு ஏன் 2 மட்டும் என்று சொல்ல வேண்டும். பெரிய அரங்கில் எல்லோரும் கேட்க ஒருவர் பின் ஒருவராகப் பேசும் முறைக்குப் பதிலாக, சுருக்கெழுத்தாளர் முன் தனித்தனியாக உட்கார்ந்து சில நிமிடம் பேசிவிட்டுப் போகும் முறையைப் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். கூச்சப்படுபவருக்கு அது வசதி. ஆனால் பக்கத்துத் தெரு மீனவர் என்ன சொன்னார், தீயணைப்பு நிலையத்துக்காரர் என்ன கேட்டார் என்பது உங்கள் காதில் விழாது. ஒருவர் சொன்ன தகவல் இன்னொருவரின் கேள்வியாக வளர்வதுதான் கூட்டத்தின் பயன். அது கிடைக்காமல் போகிறது. எழுத்து வடிவம் பின்னால் இ-லைப்ரரியில் வரும், அதைக் கட்டாயம் படியுங்கள். போகும்போது எழுதிய பிரதி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பேச்சில் சொன்ன எண் தவறாகப் பதிவாவது உண்டு.

பொதுமக்கள் பங்கேற்பு அலுவலகம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டு, 43 ஆண்டு கழித்து உருவானது. எந்தப் படிவம், எந்தக் கெடு, எந்த வகையைத் தேர்வது என்ற நடைமுறைக் கேள்விகளுக்கு உதவும். உங்களுக்காக வாதாடாது, சட்ட ஆலோசனை தராது. முதல் தடவை மனு போடுகிறவர் ஒருமுறை பேசிவிட்டுப் போடுவது நல்லது.

தவறான வாசலில் தட்டுவதைப் பற்றியும் எழுத வேண்டும். "வெளிநாட்டு எரிவாயு நமக்கு எதற்கு" என்று எரிசக்தித் துறைக்கு எழுதுகிறவர்கள் உண்டு. எல்என்ஜி இறக்குமதி பொதுநலனுக்கு உகந்தது என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. மாற்றமோ தாமதமோ இன்றி அனுமதிக்கச் சொல்கிறது. அந்த வாதத்துக்கு அங்கே இடமில்லை. மாறாக, மாநிலத்தின் கையில் உண்மையான பிடி இருக்கிறது. 2005 சட்டம் ஃபெர்க்குக்கு அதிகாரம் கொடுத்தபோதே, கடலோர மண்டலச் சட்டம், தூய நீர்ச் சட்டம், தூய காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மாநிலங்களுக்கு உள்ள உரிமைகளைத் தொடாமல் விட்டது.

லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடற்பகுதியில் மிதக்கும் முனையமாக வரவிருந்த பிராட்வாட்டரை ஃபெர்க் 2008 மார்ச்சில் அனுமதித்தது. அடுத்த மாதமே நியூயார்க் மாநிலம் கடலோர மண்டலத் திட்டத்துக்கு அது பொருந்தாது என்று மறுத்தது; 2009-இல் வணிக அமைச்சகம் அந்த மறுப்பை நிலைநிறுத்தியது. மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில் வீவர்ஸ் கோவ் திட்டத்துக்கு 2005-இல் ஃபெர்க் அனுமதி கிடைத்தது. வழியில் பழைய பிரைட்மேன் தெருப் பாலம். அதன் திறப்பு அகலம் 98 அடி. பெரிய கப்பல் நுழையாது. அந்தப் பாலத்தை இடிக்கக் கூடாது என்று அதே ஆண்டு ஒரு கூட்டாட்சிச் சட்டத்தில் எழுதப்பட்டது. நிறுவனம் சிறிய கப்பல்களைக் கொண்டுவரப் பார்த்தது. 2007 அக்டோபரில் கடலோரக் காவல் படை அந்த நீர்வழி பொருத்தமற்றது என்றது. 2011-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஃபெர்க்கில் மட்டும் பேசியிருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது.

கரையை விட்டு மாநில எல்லைக்கு வெளியே ஆழ்கடலில் வரும் முனையம் என்றால் ஃபெர்க் அன்று; 1974-ஆம் ஆண்டு ஆழ்நீர்த் துறைமுகச் சட்டப்படி கடல்சார் நிர்வாகமும் கடலோரக் காவல் படையும். அங்கே பக்கத்து மாநில ஆளுநருக்குத் தடுக்கும் அதிகாரம் உண்டு. கடைசி விசாரணைக் கூட்டம் முடிந்து 45 நாளுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். ஆகவே கடிதம் போக வேண்டியது ஆளுநர் அலுவலகத்துக்கு, அந்த 45 நாளுக்கு முன்னால். லூசியானா கரைக்கு அப்பால் மெயின் பாஸ் திட்டம் கடல்நீரை இழுத்து எல்என்ஜியைச் சூடேற்றுவதாக இருந்தது. நீரோடு மீன் முட்டையும் குஞ்சும் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். 2006 மே மாதம் ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ மறுத்தார். நிறுவனம் கடல்நீர் இழுக்காத மூடிய சுற்று முறைக்கு மாறிய பிறகே 2007 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. திட்டத்தையே நிறுத்தச் சொல்வது ஒரு கோரிக்கை, அதன் ஓர் உறுப்பை மாற்றச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதும் பெரிய வெற்றிதான்.

கரையோர முனையத்துக்கு அதிகம் பேர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. ஆளுநர் குறிப்பிடும் மாநில நிறுவனம், விண்ணப்பம் வந்த 30 நாளுக்குள் பாதுகாப்பு பற்றி ஓர் ஆலோசனை அறிக்கை தரலாம். அதில் எழுப்பிய ஒவ்வொரு விஷயத்துக்கும் ஃபெர்க் குறிப்பாகப் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் தனிக் கடிதத்துக்கு இந்த எடை கிடையாது. மக்கள்தொகை அடர்த்தி, வெளியேறும் ஒரே சாலை, தீயணைப்பு நிலையத்தின் ஆள்பலம் போன்ற தகவல்களை முன்-விண்ணப்பக் கட்டத்திலேயே அந்த மாநில நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பம் வந்த பிறகு 30 நாளில் அவர்கள் தேடி எடுக்க நேரம் இருக்காது.

அனுமதி வந்துவிட்டால் சப்ஸ்கிரிப்ஷனை ரத்து செய்துவிடாதீர்கள். உத்தரவில் நிபந்தனைகளின் நீண்ட பட்டியல் இருக்கும். அவை நிறைவேறியதற்கான ஆவணங்கள் அதே டாக்கெட்டில்தான் வந்து விழும். கட்டுமானம் தொடங்க இறுதி ஒப்புதல் தருவதற்கு முன், அவசரகாலத் திட்டமும் அதற்கான செலவுப் பகிர்வும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளூர்த் தீயணைப்பு வண்டிக்கும், பயிற்சிக்கும், கப்பலோடு போகும் காவல் படகுக்கும் யார் பணம் தருவது, எத்தனை ஆண்டுக்கு என்பதை அந்தப் பகிர்வுத் திட்டத்தில் வரி வரியாகப் பாருங்கள். நகரசபைக் கூட்டத்தில் எடுத்துக் காட்டி, இந்தத் தொகை போதுமா என்று தீயணைப்புத் தலைவரிடம் கேட்க வேண்டிய பக்கம் அதுதான்.